வானொலியில் குடும்பநலமும் எச்.ஐ.வியும்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வானொலி நிகழ்ச்சி செய்கிறவர்களும் செய்ய யோசிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை.

இளைஞர் கழகம், களுவாஞ்சிக்குடி: சேர், சின்ன ட்ரான்ஸ்மிட்டர் ஒன்று பூட்டி நாங்களே எப்.எம். நடத்த ஏலுமா?

ஏலாது தம்பி. அனுமதி இல்லாமல் ஒலிபரப்பினால் வழக்கு வரும். சமுதாய வானொலிக்கென்று தனி அனுமதிப்பத்திரமும் இங்கே இல்லை. மகாவலி, கொத்மலை வானொலிகளே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குக் கீழ் நடந்தவைதான். பிறை எப்.எம். போன்ற பிராந்திய சேவையில் உங்கள் நிகழ்ச்சிக்கு 15 நிமிடம் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வெறுங்கையோடு போகாமல் மூன்று நிகழ்ச்சியை முழுதாகப் பதிந்து கொண்டு போங்கள். எழுத்துப் பிரதியைப் பத்து நாளுக்கு முன்னரே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குக் கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் பின்னேரம் நீட்டினால் வாசிக்க நேரமில்லாமல் பாதியை வெட்டிவிடுவார்கள்.

குடும்பநல உத்தியோகத்தர், கொக்கட்டிச்சோலை: நேரடியாகக் கோல் எடுக்கச் சொல்கிறோம். ஒருவரும் எடுக்கிறார்கள் இல்லை. வீட்டுக்குப் போனால் அதே பெண்கள் பத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

எடுக்க மாட்டார்கள் மிஸ். வாவிக்கு மேற்கே இருக்கும் உங்கள் படுவான்கரையில் ஒரு இருமலைக் கேட்டே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். குரலை மென்பொருளில் தடிப்பாக்கினாலும் பேச்சு நடையும் சொல்லும் விவரமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். நேரடி அழைப்பை விட்டுவிடுங்கள். சின்ன நிலையங்களில் ஒலியைச் சில செக்கன் பிந்தவிடும் வசதியும் இருக்காது. யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மறிக்க வழியில்லை.

இதற்கென்று தனி சிம் ஒன்று வாங்குங்கள். வரும் குரல்பதிவை ஒரே ஆள் மட்டும் கேட்டு, கேள்வியைத் தாளில் எழுதட்டும். ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றையும் எடுத்துவிடுங்கள். வயதை ‘முப்பதுகளில்’ என்று போட்டால் போதும். எழுதி முடிந்ததும் பதிவையும் இலக்கத்தையும் அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் தானாகச் சேமிப்பதும் பேக்கப்பும் நிறுத்தியிருக்கிறதா என்று பாருங்கள்; பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கேள்வியை வந்த வாரமே போடாமல் இரண்டு கிழமை ஆறவிட்டு, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக் கேள்விகளோடு கலந்து, அறிவிப்பாளரின் குரலில் வாசியுங்கள். கேள்வி எழுதிப் போடப் பூட்டிய பெட்டி வைப்பதென்றால் கிளினிக் வாசல் வேண்டாம், கடைப் பக்கம் வையுங்கள்.

தொடக்கத்தில் கேள்வி வராவிட்டால் இட்டுக்கட்ட வேண்டாம். வீடுகளில் உங்களிடம் அடிக்கடி கேட்பதையே எடுங்கள்.

மீனவர் சங்கம், வாழைச்சேனை: எச்.ஐ.வி சோதனை பற்றி 30 செக்கன் விளம்பரம் ஒன்று வேண்டும். என்னவெல்லாம் சொல்லலாம்?

நிதானமாக வாசித்தால் 30 செக்கனுக்குள் ஐம்பது சொல்தான் அடங்கும். ஒரு விளம்பரத்துக்கு ஒரு செய்தி. முதலாவதில் இடம் மட்டும்: ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம், கிழமையில் எந்த நாள், எத்தனை மணிக்கு, இலவசம், டொக்டரின் துண்டு தேவையில்லை, விவரம் வெளியே போகாது. நாளையும் நேரத்தையும் இரண்டு தரம் சொல்லுங்கள். ஒலிபரப்பும் வாரம் கிளினிக்குக்குப் போன் எடுத்து உறுதிப்படுத்துங்கள். விளம்பரத்தை நம்பி வந்தவர் பூட்டிய கதவைக் கண்டால் மறுமுறை வரமாட்டார்.

இரண்டாவதில் காலக்கணக்கு. தொற்று உடனே சோதனையில் தெரியாது. வைரஸின் புரதத்தையும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்க்கும், ஆய்வுகூடத்தின் நான்காம் தலைமுறைச் சோதனையில் 45 நாளில் பெரும்பாலும் தெரிந்துவிடும். விரலில் குத்தும் துரிதச் சோதனைக்கு 3 மாதம் பொறுக்க வேண்டும். மூன்றாவது, தொற்றக்கூடிய ஆபத்து நடந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து. எவ்வளவு வேளைக்குத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பலநாள் படகுகள் கரைக்கு வரும் நாட்களைப் பார்த்துப் போடுங்கள்.

பயங்காட்டும் இசை வேண்டவே வேண்டாம். சாவு வீட்டு மேளத்தோடு சொன்னால் சோதனைக்கு யார் வருவார்? மருந்தை ஒழுங்காக எடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. இதைச் சொன்னால் வருவார்கள்.

ஆசிரியை, நிந்தவூர்: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். குடும்பத் திட்டமிடல் என்றாலே எங்கள் பக்கத்தில் எதிர்ப்பு வரும். எப்படித் தொடங்கலாம்?

வஅலைக்குமுஸ்ஸலாம் மிஸ். கர்ப்பிணித் தாயிலிருந்து தொடங்குங்கள். முதல் கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்தில் எச்.ஐ.வியும் சிபிலிசும் பார்க்கிறார்கள். தாயிலிருந்து பிள்ளைக்கு இவை தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. இதற்கு எதிர்ப்பு வராது. அடுத்து பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளி. பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் பதிவை முன்கூட்டியே போட்டுக் காட்டலாம். ஆனால் மருத்துவ உண்மையை வெட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொழுகை நேரமும் வெள்ளி நண்பகலும் தவிருங்கள்.

3 மாதக் கருத்தடை ஊசி போட்டவர்களுக்கு மாதவிடாய் நின்றால் ‘கெட்ட இரத்தம் உள்ளே தேங்குது’ என்ற பயம் வரும். பாதியில் விடுவதற்கு இது பெரிய காரணம். கருப்பையின் உட்படலம் மெல்லியதாகவே இருப்பதால் வெளியேற இரத்தம் இல்லை, தேங்கவும் ஒன்றுமில்லை. இதற்கே ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒதுக்கலாம்.

வாசகர், அக்கரைப்பற்று: தகரக் கூரை வீடு, போனில்தான் பதிவு. குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது.

மின்விசிறியை நிற்பாட்டுங்கள். மெத்தையைச் சுவரில் சாத்தி அதைப் பார்த்துப் பேசுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண், சற்றுப் பக்கவாட்டில். மழை பெய்தால் பதிவைத் தள்ளிப் போடுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்பாமல் டொகுமெண்டாக அனுப்புங்கள். மோனோ, 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 என்றால் 15 நிமிடம் ஏறக்குறைய 15 எம்.பி. வரும்.

அதே வாசகர்: நுளம்பு கடித்தால் எயிட்ஸ் வருமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்.

கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கேள்விதான் மனதில் நிற்கும். ‘நுளம்பால் எச்.ஐ.வி பரவாது, அதன் உடம்பில் இந்த வைரஸ் பெருகாது’ என்று பதிலில் தொடங்கி, அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.