கொல்லச் சொன்னவரும் நேசிக்கச் சொன்னவரும் ஒருவர்தானா?

கேள்வி: வேதாகமத்தை ஆதியாகமம் தொடங்கி வரிசையாக வாசித்து வருகிறேன். முதலாம் சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரின் கைக்குழந்தைகளைக்கூட விட்டுவைக்கக் கூடாது என்று கர்த்தர் கட்டளையிடுவதைப் படித்த பிறகு மேலே செல்ல மனம் வரவில்லை. பகைவரை நேசிக்கும்படி இயேசு போதித்தாரே, அவர் சொன்ன பிதாவும் இவரும் ஒருவர்தானா? வேதபாட ஆசிரியரைக் கேட்டால், பழைய ஏற்பாட்டை விட்டுவிட்டுப் புதிய ஏற்பாட்டை மட்டும் வாசிக்கச் சொல்கிறார். இணையவழி வகுப்பு நடத்தும் ஒருவர், கர்த்தர் வேறு, பிதா வேறு என்பதை எபிரேய மூலத்திலிருந்தே நிரூபித்துக் காட்டுவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கிறார். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். பழைய ஏற்பாட்டை விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் வேதபாட ஆசிரியர் பக்தியோடு சொன்னதும், வகுப்புக்காரர் கட்டணத்தோடு சொல்வதும் அடிப்படையில் ஒன்றே. ஒருவர் அந்தக் கடவுளைப் பற்றிப் பேசாமல் ஒதுக்குகிறார்; மற்றவர் பேசியே ஒதுக்குகிறார். உங்களுக்கு வந்த தடுமாற்றத்தை விசுவாசக் குறைவு என்று எவரேனும் சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். வரிசையாகவும் கவனமாகவும் வாசிக்கிறவர்கள் எல்லாருமே அந்த அதிகாரத்தில் ஒருமுறை நின்றிருக்கிறார்கள். நிற்காமல் கடந்துபோனவர்கள் வாசித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

'இரண்டு கடவுள்கள்' என்ற வாதம் புதிய கண்டுபிடிப்பு அன்று. கருங்கடல் கரையிலிருந்த சினோப்பே நகரத்தைச் சேர்ந்த மார்க்கியோன் என்ற செல்வந்தர், உலகைப் படைத்த எபிரேயரின் கடவுள் நீதியை மட்டுமே அறிந்த கீழ்நிலைக் கடவுள் என்றும், இயேசு அறிவித்த பிதா அதுவரை எவரும் அறியாத அன்பின் கடவுள் என்றும் போதித்து, அதற்காகக் கி.பி. 144 வாக்கில் ரோமைச் சபையிலிருந்து நீக்கப்பட்டார். எபிரேய வேதத்தை ஒதுக்கியதோடு அவர் வேலை முடியவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். லூக்கா நற்செய்தியில் பழைய வேதத்தோடு ஒட்டிக்கிடந்த பகுதிகளை அவர் வெட்ட வேண்டியிருந்தது. பவுலின் நிருபங்களில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றிலும் கை வைக்க வேண்டியிருந்தது. புதிய ஏற்பாட்டை மட்டும் வாசித்தால் போதும் என்கிறவர்கள், எந்தப் புதிய ஏற்பாட்டை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் பழையதை மேற்கோள் காட்டாத பக்கங்களை மட்டும் தொகுத்தால் கையில் மிஞ்சுவது ஒரு மெல்லிய துண்டுப் பிரசுரமாகத்தான் இருக்கும். பிரதான கற்பனை, அதாவது முதன்மையான கட்டளை, எது என்று கேட்டபோது இயேசு சொன்ன விடையே உபாகமம் 6ஆம் அதிகாரத்திலும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலும் இருந்து எடுத்ததுதான்.

இனி அந்த எபிரேய 'நிரூபணம்'. எபிரேய வேதத்தில் கடவுளின் தனிப்பெயர் யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு மெய்யெழுத்துகளால் எழுதப்படுகிறது. யூதர்கள் அந்தப் பெயரை உச்சரிக்காமல், அந்த இடத்தில் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று வாசிப்பார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் பிரதிகளில் அதற்கு 'கூரியோஸ்', அதாவது 'ஆண்டவர்' என்ற சொல் நிலைபெற்றது. அந்த மரபின் வழியில்தான் உங்கள் கையில் இருக்கும் தமிழ் வேதாகமத்தில் 'கர்த்தர்' வருகிறது. 'பிதா' என்பதோ பெயர் அன்று, உறவுமுறை. ஏசாயா 64:8ஐத் திறந்து பாருங்கள்: கர்த்தாவே, நீரே எங்கள் பிதா, நாங்கள் களிமண் என்று ஜனங்கள் மன்றாடுகிறார்கள். இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் ஒரே ஆளைக் குறிக்கின்றன. கட்டணம் செலுத்திக் கற்க வேண்டிய பாடம் இந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடுகிறது.

அடுத்ததாக, கடவுளைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான 'ஏலோஹிம்' பன்மைச் சொல், ஆகவே பல கடவுள்கள் என்று அவர் சொல்லக்கூடும். வடிவம் பன்மைதான், ஆனால் ஆதியாகமத்தின் முதல் வசனத்திலேயே அதற்கு வரும் வினைமுற்று ஒருமையில் இருக்கிறது. 'அப்பா வந்தார்' என்ற வாக்கியத்தில் பலர்பாலுக்குரிய விகுதியைக் கண்டு ஒரு வீட்டுக்கு எத்தனை அப்பாக்கள் என்று எண்ணத் தொடங்காத தமிழர்கள், எபிரேயம் என்றவுடன் எண்ணத் தொடங்கிவிடுவது எனக்கு விளங்காத புதிர்.

இந்த 'மூலமொழி' வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது எபிரேய அறிவு அன்று; ஒவ்வொரு சொல்லுக்கும் எண் போட்டு, அதன் எல்லாப் பொருள்களையும் வரிசையாக அடுக்கித் தரும் ஓர் அகராதிதான். தமிழில் 'படி' என்ற சொல்லுக்கு வாசி, வாசற்படி, அளவைப்படி, நகல் என்று பல பொருள்கள் உண்டு. தமிழ் அறியாத ஒருவர் அகராதியைப் பார்த்துவிட்டு, 'பாடத்தைப் படி' என்பதன் ஆழ்ந்த மூலப்பொருள் பாடத்தின்மீது ஏறி நில் என்று கூட்டத்தில் முழங்கினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இவர்கள் எபிரேயத்தைக் கையாளுகிறார்கள். ஒருமுறை நான் பார்வையாளனாக உட்கார்ந்திருந்த வகுப்பில், எபிரேய எழுத்துகளைப் பெரிதாகத் திரையில் காட்டி ஒருவர் ஒரு மணி நேரம் விளக்கினார். வலமிருந்து இடமாக ஓட வேண்டிய எழுத்துகள் இடமிருந்து வலமாகத் தலைகீழ் வரிசையில் இருந்தன, அவருக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. பணம் கொடுப்பதற்கு முன், சங்கீதம் ஒன்றின் நான்கு வரிகளை எபிரேய எழுத்தில் பார்த்து வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான வகுப்புகள் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம். கோபக்காரக் கடவுள் பழையதிலும் இரக்கமுள்ள கடவுள் புதியதிலும் இருப்பதாகச் சொல்லப்படும் பாகப்பிரிவினை, நூல்களைத் திறந்தவுடன் நிற்காமல் போய்விடுகிறது. யாத்திராகமம் 34:6, 7இல் கடவுள் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்கிறார்: இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர், ஆனாலும் குற்றவாளியைத் தண்டிக்காமல் விடாதவர், பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிக்கிறவர். 'நீடிய சாந்தம்' என்று தமிழில் வருவதன் எபிரேயத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மூக்கு நீண்டவர்' என்றாகும். மூக்குக்கும் கோபத்துக்கும் அங்கே ஒரே சொல். மூக்குக்கு மேல் கோபம் என்று சொல்லிப் பழகிய நமக்கு, கோபம் வந்து சேர நெடுந்தூரம் ஆகும் மூக்கு என்பது உடனே புரியும்.

இந்த இரண்டு வசனங்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதுதான் உங்களுக்கான விடையின் நடுப்பகுதி. அசீரியரின் தலைநகரான நினிவேயைப் பற்றி எபிரேய வேதத்தில் இரண்டு தீர்க்கதரிசிகளின் நூல்கள் உள்ளன. நாகூம் இந்த அறிமுகத்தில் 'நீடிய சாந்தமுள்ளவர்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, குற்றவாளியை விடமாட்டார் என்ற பாதியை ஓங்கி ஒலித்து, நினிவே அழியும் என்கிறார். அந்த நகரம் கி.மு. 612இல் வீழ்ந்தது. யோனாவின் நூலோ அதே அறிமுகத்தின் இரக்கப் பாதியை எடுத்துக்கொண்டு, தண்டனைப் பாதியை அப்படியே விட்டுவிட்டு, அதன் இடத்தில் 'தீங்குக்கு மனஸ்தாபப்படுகிறவர்', அதாவது தீங்கு செய்யாமல் மனம் மாறுகிறவர் என்று சேர்க்கிறது; அதில் நினிவே மன்னிக்கப்படுகிறது. ஒரே நகரம், ஒரே வசனம், இரண்டு முகங்கள்; இரண்டுமே பழைய ஏற்பாடுதான். யூதர்கள் தங்கள் பாவநிவிர்த்தி நாளின் பிற்பகலில் வாசிப்பது யோனாவை. அந்த நாளின் மன்றாட்டுகளில் யாத்திராகம வசனத்தையும் சொல்வார்கள். ஆனால் 'குற்றம் நீக்கவே மாட்டார்' என்று பொருள்படும் தொடரை 'குற்றம் நீக்குகிறவர்' என்ற சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். கடவுளிடம் மன்னிப்பு கேட்கும்போது அவர் சொன்னதில் எதை அவருக்கு நினைவூட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுபுறம், புதிய ஏற்பாடு முழுக்கப் பனிநீர் அன்று. அப்போஸ்தலர் 5இல் நிலம் விற்ற பணத்தில் பொய் சொன்ன கணவனும் மனைவியும் அடுத்தடுத்து விழுந்து இறக்கிறார்கள். நித்திய ஆக்கினையைப் பற்றி எபிரேய வேதத்தைவிட இயேசுவின் வாயிலிருந்துதான் அதிகம் கேட்கிறோம்.

ஆகவே இரு நூல்களிலும் ஒரே கடவுள் என்று சொல்லி நான் முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் நின்ற இடம் அப்படி எளிதில் மூடக்கூடியது அன்று. கோபம் வேறு, ஓர் இனத்தைக் குழந்தைகளோடும் கால்நடைகளோடும் 'சங்காரம்' செய்யச் சொல்வது வேறு. அதற்கு இணையான கட்டளை புதிய ஏற்பாட்டில் இல்லை. எபிரேயத்தில் இதற்கு 'ஹேரெம்' என்று பெயர். கடவுளுக்கென்று முழுவதும் ஒப்படைத்து அழிப்பது. இது இஸ்ரவேலருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. யோர்தானுக்குக் கிழக்கே திபான் என்னுமிடத்தில் 1868இல் கிடைத்து, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டில், கி.மு. 9ஆம் நூற்றாண்டு மோவாபிய அரசன் மேசா, தான் பிடித்த இஸ்ரவேல ஊரொன்றில் ஏழாயிரம் பேரைப் பெண்களோடு சேர்த்துக் கொன்று தன் தெய்வத்துக்கு ஒப்படைத்ததாக அதே வேர்ச்சொல்லைக் கொண்டு எழுதியிருக்கிறான். இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்றும் அதே கல்லில் பெருமை பேசுகிறான், இஸ்ரவேல் அழியவில்லை. அந்தக் காலத்து அரசர்கள் வெற்றியை எழுதிய மொழி அது. சாமுவேலின் நூலிலும் அதே தடயம் உண்டு: 15ஆம் அதிகாரத்தில் முற்றாக அழிக்கப்பட்ட அமலேக்கியர், 27ஆம் அதிகாரத்தில் தாவீது படையெடுக்கும் அளவுக்கு உயிரோடு இருக்கிறார்கள், 30ஆம் அதிகாரத்தில் சிக்லாகு ஊரைக் கொளுத்துகிறார்கள்.

இதனால் கட்டளையின் கொடுமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. நடந்தது குறைவாக இருக்கலாம், சொல்லப்பட்டது சொல்லப்பட்டதுதான். உங்களுக்கு முன்னரே இதைக் கேட்டவர்கள் உண்டு. யூத மத விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் 'யோமா' பகுதியில், அந்தக் கட்டளையைப் பெற்ற அரசன் சவுலே வாதாடுவதாக ரபீமார் என்ற யூதப் போதகர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: பெரியவர்கள் பாவம் செய்திருந்தால் சிறுவர்கள் என்ன செய்தார்கள், மிருகங்கள் என்ன செய்தன என்று அவன் கேட்கிறான். மிஞ்சின நீதிமானாயிராதே என்று வானத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. அதே சவுல் பின்னாளில் ஆசாரியர்களைக் கொல்ல ஆணையிட்டபோது, மிஞ்சின துஷ்டனாயிராதே என்று மறுபடியும் குரல் வந்ததாம். கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. ஆனால் கேள்வி அழிக்கப்படவும் இல்லை. கிறிஸ்தவர்களில் 3ஆம் நூற்றாண்டின் ஓரிகன், யோசுவாவின் போர்களை உள்ளத்தின் தீமைகளோடு நடக்கும் போராகப் படித்தார். ஜெபத்துக்கு அது உதவும். கொல்லப்பட்ட குழந்தைக்கு உதவாது என்பது என் கருத்து. அந்தக் கட்டளையை அக்கால மனிதர்கள் தங்கள் போர்மொழியில் கேட்டுப் பதித்ததாகவே நான் வாசிக்கிறேன். அந்த அதிகாரமே அதற்கு இடம் தருகிறது: 11ஆம் வசனத்தில் கர்த்தர் மனஸ்தாபப்படுகிறார், 29ஆம் வசனத்தில் சாமுவேல் அவர் மனஸ்தாபப்படமாட்டார் என்கிறார், 35ஆம் வசனத்தில் நூலாசிரியர் மறுபடியும் மனஸ்தாபப்பட்டார் என்கிறார். மூன்றிலும் எபிரேய வினை ஒன்றே.

இவற்றையெல்லாம் உங்கள் ஆசிரியர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பார்த்த இறையியல் பாடத்திட்டங்கள் பலவற்றில் எபிரேயம் என்பது தேர்வுக்கு முந்தின இரவு வினைவாய்பாட்டை மனப்பாடம் செய்து, விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு மறக்கும் பாடம். மேலிடத்திலும் நிலைமை மேலானதில்லை: 1971இல் வெளியான கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை என்ற அன்றாட ஜெபநூல், சபிக்கும் சங்கீதங்களான 58, 83, 109 ஆகிய மூன்றையும் முழுவதுமாக நீக்கிவிட்டது. சங்கடமான பக்கத்தைப் புரட்டிவிடுவது நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டபின், அந்தப் பக்கத்தில் கடை போட ஆள் வராமல் இருப்பாரா?

உண்மையான வேறுபாடு ஒன்று உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அது கோபத்தையும் அன்பையும் பற்றியது அன்று. கடவுள் ஒருவரே, அவர் மனித உருக்கொள்வதில்லை என்பது யூத மரபின் உறுதி. அதே கடவுள் இயேசுவில் மனிதரானார் என்பதும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்பதும் கிறிஸ்தவ போதனை. 325இல் நிசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்களில் அது வரையறுக்கப்பட்டது. யூதர் ஒருவரிடம் பழைய ஏற்பாட்டிலேயே திரித்துவம் இருக்கிறது என்று வாதாடப் போகாதீர்கள். அவர் நூலை அவர் உங்களைவிட நன்றாக வாசித்திருப்பார்.

வாசிப்பைத் தொடருங்கள். முதலாம் சாமுவேலை இடையில் விட்டுவிடாமல் 30ஆம் அதிகாரம் வரை போய்விட்டு, அங்கிருந்து நேரே யோனாவின் நான்கு அதிகாரங்களுக்குத் தாவுங்கள்; அதன் கடைசி வசனத்தில், வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனிதருக்காகவும், கூடவே மிருகஜீவன்களுக்காகவும் பரிதபிக்கிறவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை ஒருவேளை ஏற்கெனவே செலுத்தியிருந்தால், தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். மார்க்கியோனை வெளியேற்றியபோது ரோமைச் சபை, அவர் நன்கொடையாகக் கொடுத்திருந்த இரண்டு இலட்சம் செஸ்தர்ஸ் என்ற ரோம நாணயப் பணத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பியதாகப் பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார்.