பந்தலின் அடியிலைகளுக்கு எவ்வளவு வெயில் கிடைக்கும்?

கோண்டாவிலில் உள்ள உங்கள் திராட்சைப் பந்தலின் அடியிலைகளுக்கு எவ்வளவு ஒளி சேரும், அதனைக் கணிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 1953இல் யப்பானிய ஆய்வாளர்களான மொன்சியும் சயெக்கியும் காட்டியபடி, இலையடுக்கின் ஊடாக இறங்கும் ஒளி, கடந்து வந்த இலைப் பரப்புக்கேற்ப அடுக்குக்குறி முறையில், அதாவது சம அளவு இலைப் பரப்பைக் கடக்கும்போதெல்லாம் ஒரே விகிதத்தில், குறைகிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தின் மேல் 3 சதுர மீற்றர் இலை இருந்து, ஒளி மங்கற் குணகம் (இலைகள் ஒளியை எவ்வளவு விரைவாகக் குறைக்கின்றன என்பதைக் காட்டும் எண்) 0.5 எனக் கொண்டால், அடியில் எஞ்சுவது ஏறத்தாழ 22 சதவீதமே. கிடையாகப் படர்ந்த இலைகளுக்கு இக்குணகம் கூடும். வெங்காயத்தாள் போல நிமிர்ந்தவற்றுக்கு உச்சி வெயிலில் குறையும்.

ஆனால் இது சராசரிதான். நண்பகலில் பந்தலின் கீழ் நின்று பாருங்கள்: செம்மண்ணில் காசளவு வெயிற்பொட்டுகள் (இலையிடுக்கு வழியே விழும் சூரியனின் விம்பங்கள் அவை) காற்றுக்கேற்ப அசையும், ஒரே இலையின் பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் இருக்கும். இலைகள் ஒளியைக்கொண்டு உணவாக்கும் ஒளித்தொகுப்பின் வேகமோ ஒளியோடு முடிவின்றி ஏறாமல், ஓரளவுக்கு மேல் நிரம்பல் நிலையை அடைந்துவிடுவதால், சராசரி ஒளியை இட்டு ஒளித்தொகுப்பைக் கணித்தால் விடை மிகையாகவே வரும். ஆகவே வெயிலிலைகளையும், வானத்தின் பரவல் ஒளியையும் பிற இலைகள் சிதறும் ஒளியையும் மட்டுமே பெறும் நிழலிலைகளையும் தனித்தனியே கணித்துக் கூட்டும் மாதிரியே பந்தலுக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.