பணக்காரர்கள் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் வருமான வரி கட்ட வேண்டுமா?

கட்டத்தான் வேண்டும். ஆனால் "உச்ச விகிதத்தை 30-இலிருந்து 50 ஆக்கிவிட்டால் போதும்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் வேலை பார்க்கிறேன். விகிதத்தை ஏற்றினால் மாட்டுபவர் யார், நழுவுபவர் யார் என்பது ஜூலை மாதத்தில் மேசைக்கு வரும் கோப்புகளைப் புரட்டினாலே விளங்கிவிடும்.

2025 பட்ஜெட்டில் திருத்தப்பட்ட புதிய வரி முறையை வைத்தே கணக்குப் போடலாம். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 1 கோடி. நிலையான கழிவு 75,000 போக, சர்சார்ஜும் செஸ்ஸும் (இரண்டும் வரியின் மேல் போடும் கூடுதல் வரிகள்) சேர்த்து அவர் கட்டுவது ஏறக்குறைய 29 லட்சத்து 26 ஆயிரம். அதுவும் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். இன்னொருவருக்கு வேலை எதுவும் இல்லை. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்றதில் அதே 1 கோடி லாபம். அவர் கட்டுவது 13 லட்சத்து 55 ஆயிரம். பாதிகூட இல்லை! (1 கோடி சம்பளக்காரருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம், நானும் விடவில்லை.)

மேலே போகப்போக இடைவெளி இன்னும் விரிகிறது. 2 கோடியைத் தாண்டிய சம்பளத்தில் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து உச்ச விகிதம் 39 சதவீதம். பங்கு லாபத்துக்கோ சர்சார்ஜ் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே வேலி போட்டிருக்கிறது. ஆகவே எத்தனை நூறு கோடி லாபம் வந்தாலும் விகிதம் 14.95-ஐத் தாண்டாது. 2004-இலிருந்து 2018 வரை இந்த வரிகூடக் கிடையாது, முழுப் பூஜ்யம். இவர்களுக்கும் மேலே ஒரு வகை உண்டு. அவர்கள் பங்கை விற்பதே இல்லை. அடமானம் வைத்துக் கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள். கடன் வருமானம் ஆகாது, எனவே வரியும் இல்லை. உச்ச விகிதத்தை 50 ஆக்கினால் இவர்களில் யாருக்கு வலிக்கும்? சம்பளக்காரரான முதலாமவருக்கு மட்டும்தான்.

விகிதத்தை ஏற்றிப் பார்க்காத நாடும் அல்ல இது. 1973-74-இல் 2 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 85 சதவீத வரி, அதன்மேல் 15 சதவீத சர்சார்ஜ், ஆக 97.75. கூடுதலாக நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்பின் மேல் போட்ட சொத்து வரி (நகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி அல்ல) அதற்கும் மேலே. விளைவு, பணம் கணக்குக்குள் வரவே இல்லை. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்னும் "கறுப்பு–வெள்ளை" பேச்சு அந்தக் காலத்தில் வேர்விட்டது. இன்றும் மனை வாங்கப் போனால் தரகர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். உயர் விகிதமே வரி ஏய்ப்புக்கு முக்கியக் காரணம் என்று நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்த வாஞ்சூ குழு 1971-லேயே சொல்லிவிட்டது. 1974-இல் 77, 1985-இல் 50, 1997-இல் ப. சிதம்பரம் காலத்தில் 30 என்று விகிதம் இறங்கியது.

சொத்து வரியின் கதை இதைவிட வேடிக்கை. 1993-க்குப் பிறகு பங்குகளுக்கு அதில் விலக்கு. நகை, கார், நகர்ப்புறக் காலிமனை போன்றவற்றுக்குத்தான் வரி. பாட்டியின் காசுமாலை கணக்கில் வரும், பேரனின் பல கோடிப் பங்குகள் வராது! 2013-14-இல் நாடு முழுக்க வசூலானது 1,008 கோடி. 2015-இல் நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதை எடுத்துவிட்டு, 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜ் போட்டார். திரும்பவும் வருமானம் காட்டுகிறவர் தலையில்தான். வாரிசுச் சொத்துக்கு 1953-இல் வந்த எஸ்டேட் வரியும் 85 சதவீதம் வரை போனது. 1985-இல் அதை ரத்து செய்தபோது ஆண்டு வசூல் சுமார் 20 கோடிதான்.

வருமான வரியே இல்லாத விவசாய வருமானத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. குறு விவசாயிக்கு விலக்கு நியாயம். ஆனால் சிலர் காட்டும் தென்னந்தோப்பு வருமானத்தை வைத்து மரத்துக்கு எத்தனை காய் என்று வகுத்துப் பார்த்தால் பொள்ளாச்சிக்காரர்களே சிரிப்பார்கள்.

வரி போட்டால் பணக்காரர்கள் துபாய்க்குப் போய்விடுவார்கள் என்கிறார்கள். சிலர் போவார்கள்தான். ஆலையும் நிலமும் வாடிக்கையாளரும் இங்கேயே இருக்கும்போது எல்லோரும் போய்விட முடியாது.

என் கையில் விட்டால் 30-ஐத் தொடமாட்டேன். ஆண்டுக்கு 1 கோடிக்கு மேல் வரும் பங்கு லாபத்தைச் சம்பளத்தோடு சேர்த்து, சம்பளத்துக்குரிய விகிதத்திலேயே வரி போடுவேன். பணவீக்கத்துக்கு மட்டும் கழிவு கொடுக்கலாம். விவசாய வருமானத்துக்கான விலக்குக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். அது மாநிலங்களின் அதிகாரம் என்பதால் எந்த முதல்வரும் எளிதில் தொடமாட்டார், அது வேறு விஷயம். வாரிசு வரியும் வேண்டும் என்பேன், ஆனால் 85 அல்ல, 10 சதவீதம் போதும். அப்பா விட்டுப்போன வீட்டையும் கடையையும் விற்றுக் கட்டும் நிலை யாருக்கும் வராதபடி 10 கோடிக்கு மேல்தான் அது தொடங்க வேண்டும். வரம்பு 10 கோடியா, 20 கோடியா என்று கேட்டால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், எனக்குப் பிடிவாதம் இல்லை.