சோட்டோ போன பிறகு சீசன் டிக்கெட் எடுக்கலாமா?

நட்சத்திர ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோவையே விட்டுக்கொடுத்த அமெரிக்க பேஸ்பால் அணியான வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு இனியும் சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான்; 2019-இல் கோப்பை வென்ற அணி அது. ஆனால் 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தருவதாகச் சொல்லியும் சோட்டோ ஒப்பவில்லை. அதற்கு முன்பே பந்துவீச்சாளர் ஸ்ட்ராஸ்பர்குடன் 24.5 கோடிக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். காயங்களால் அதன்பின் அவர் பந்துவீசியது வெறும் 8 ஆட்டங்களில். அவ்வளவு பணமும் முடங்கிப்போனது.

சரி, 2022 ஆகஸ்டில் சோட்டோவுக்கு ஈடாகச் சான் டியேகோ அணியிலிருந்து வந்த இளைஞர்களைப் பாருங்கள். ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் உட் மூவருமே பின்னர் ஆல்-ஸ்டார் (ஆண்டுதோறும் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள்) ஆனார்கள். என் கவலை வேறு: மிச்சமான சம்பளப் பணத்தை உரிமையாளர்கள் நல்ல பந்துவீச்சாளர்களுக்குச் செலவழிக்க வேண்டுமே! அது தெரியும்வரை முழு சீசனுக்கும் கட்டாதீர்கள். பிடித்த சில ஆட்டங்களுக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள்.