ஒற்றைப்படையில் நிறுத்தாதீர்கள்: ஸ்டாட்ஸ் கேள்வி பதில்

அடையாறில் ஞாயிறுதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டை ஆடுகிறோம். ஸ்டாட்ஸ் என்றால் அதில் நம் வீரனின் பலம், வசீகரம் போன்றவற்றுக்கான எண்கள். புதிதாக வந்தவர்கள் கேட்டவை இவை. பதில்கள் ஐந்தாம் பதிப்பு விதிப்படி.

வேளச்சேரி: என் வீரனுக்கு ஸ்ட்ரெங்த் 15, நண்பனுக்கு 14. நான்தானே பலசாலி?

சுமை தூக்குவதில் உங்கள் ஆள் 7 கிலோ போல முந்துவான். அடிப்பதில் இருவரும் ஒன்றுதான். எண்ணில் பத்தைக் கழித்துப் பாதியாக்கி, அரை வந்தால் அதற்குக் கீழுள்ள முழு எண்ணை எடுங்கள். அதுதான் மாடிஃபையர். 14-க்கும் +2, 15-க்கும் +2. இருபது முகப் பகடையோடு சேர்வது அதுதான். +1 கூடினால் வாய்ப்பு 5 சதவீதம் ஏறும். அதனால் இரட்டைப்படையில் நிறுத்துங்கள்.

பெரம்பூர்: 12-ஐ விட 13 நல்லதா?

மேலே படியுங்கள். இரண்டும் +1.

தாம்பரம்: ஸ்டாட்ஸுக்கு ஆறு முகப் பகடை மூன்றா, நான்கு உருட்டிச் சிறியதைத் தள்ளுவதா?

1974-இல் வந்த முதல் பதிப்பில் மூன்றுதான். சராசரி 10.5, 18 விழ 216-இல் ஒரு வாய்ப்பு. நான்கு உருட்டினால் சராசரி 12-ஐத் தாண்டும். என் ஓட்டு நான்குக்கு.

மயிலாப்பூர்: பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டையில் உருட்டலாமா அண்ணா?

தாராளமாக, தம்பி! கட்டைக்கு நாலு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழும். மூன்று விழ நாலு வழி, தாயத்துக்கு இரண்டு, இரண்டும் வெறுமையான பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. நடுவில் குவிந்து ஓரத்தில் மெலியும் இதே வடிவம்தான் மூன்று பகடையிலும். வெறுமையைச் சுழியமாக வைத்து மூன்று தடவை போட்டுக் கூட்டினால் உச்சம் சரியாக 18. சராசரி 9-தான், வீரன் நோஞ்சானாக வருவான். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள், 18-ஐத் தாண்டாமல்.

மயிலாப்பூர்: ஆனால் பாட்டி போட்டால் தாயம்தான். கைராசி இல்லையா?

இல்லை. உருளவிடாமல் தரையோடு நழுவவிட்டால் மேலிருந்த பக்கம் அப்படியே நிற்கும். அது கைப்பழக்கம். உள்ளங்கையில் நன்றாக உரசி உருளவிட்டால் எட்டுக்கு ஒன்று என்ற கணக்குதான்.

திருவல்லிக்கேணி: எங்கள் வீட்டில் பத்து தடவை போட்டும் தாயம் விழவில்லையே?

நாலில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே அப்படி நடக்கும். கட்டையில் கோளாறு இல்லை.

போரூர்: கரிஸ்மாவை, அதாவது வசீகரத்தை, 8-இல் விடலாமா?

மந்திரம் அதை நம்பி இல்லையென்றால் விடலாம். கான்ஸ்டிட்யூஷனில், அதாவது உடலுறுதியில், மட்டும் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு லெவலிலும் உயிர்ப்புள்ளி கூடும்போது அதன் மாடிஃபையரும் சேரும்.

அம்பத்தூர்: மொபைல் கேமில் ஸ்டாட்ஸ் எப்படி ஏற்றுவது?

அந்தந்த கேமின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள்.

குரோம்பேட்டை: 16-ஆ, 17-ஆ?

மூன்றாவது தடவை சொல்கிறேன்: இரண்டும் ஒன்று, +3. நாலாம் லெவலில் ஒரு புள்ளி ஏற்றி 18 ஆக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 17 வையுங்கள்.