வாசகர் கேள்வி: பத்மநாபபுரத்துக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் விடுமுறைக்குத் திருவனந்தபுரம் போகிறோம். அங்கிருந்து திருவிதாங்கூரின் பழைய தலைநகர் பத்மநாபபுரத்து அரண்மனையையும் பார்க்க ஆசை. ஒரே நாளில் முடியுமா? - கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: தாராளமாக முடியும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அரண்மனைக்கு அன்று விடுமுறை. திருவனந்தபுரத்துத் தம்பானூர் பஸ் நிலையத்தில் நாகர்கோவில் பஸ் ஏறித் தக்கலையில் இறங்குங்கள். சுமார் 55 கிலோமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசலில் இரண்டு மணி நேரம் போய்விடும். தக்கலையிலிருந்து அரண்மனை 2 கிலோமீட்டர். ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ.

காலை 9 மணிக்குத் திறப்பார்கள். மதியம் 1 முதல் 2 வரை மூடல், மாலை 4.30-க்கு முடிந்துவிடும். கன்னியாகுமரியில் சூரியோதயம், பிறகு சுசீந்திரம் என்று சுற்றிவிட்டு 12.30-க்கு வந்து நிற்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். உள்ளே ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். முதல் ஆளாக 9 மணிக்கே நுழைவது நல்லது. செருப்பை வெளியே விட வேண்டும். உச்சி வெயிலில் முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. கேமராவுக்குத் தனி டிக்கெட்.

நுழைந்ததும் வருவது பூமுகம் என்ற முகப்பு மண்டபம். எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். மர விதானத்தில் 90 பூக்கள், ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. அங்கேயே குதிரைவீரன் உருவத்தோடு ஒரு தொங்குவிளக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்பிய நிலையிலேயே நிற்கும்படி அதன் சங்கிலி அமைந்திருக்கிறது. மாடியில் அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை, அதன் சன்னல்களில் வண்ண அபிரக (மைக்கா) தகடுகள். பிறகு ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணக்கூடிய இரண்டடுக்கு உணவுக்கூடமான ஊட்டுப்புரை. இருப்பதிலேயே பழைய கட்டடம் தாய்க்கொட்டாரம் (தாய் அரண்மனை). அங்கே ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைக் கிட்டப்போய்ப் பாருங்கள். நான்கடுக்கு உப்பிரிகை மாளிகையின் மேல்தளத்துச் சுவரோவியங்களை எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை என்பதுதான் குறை.

படிகள் செங்குத்து, வாசல் நிலைகள் தாழ்வு. உயரமான நண்பர் இருந்தால் முன்னால் விடாதீர்கள், தலையில் இடித்துக்கொள்வார். முற்றத்து வெளிச்சத்திலிருந்து இருட்டு அறைக்குள் போகையில் கண் பழக ஒரு நிமிடம் நின்று நடங்கள்.

கேள்வி: அரண்மனையின் கறுப்புத் தரை உண்மையிலேயே முட்டையால் போட்டதா? - பாறசாலை வாசகர்

பதில்: முட்டை மட்டும் போதாது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, செடிச்சாறு சேர்ந்த கூட்டு என்றுதான் சொல்லப்படுகிறது. கறுப்பு, கரியால் வந்தது. பளபளப்புக்குக் கூட்டு எவ்வளவு காரணமோ, தேய்த்து மெருகேற்றிய கையும் அவ்வளவு காரணம். சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தால் வழுக்கும், வெறுங்காலே பத்திரம்.

கேள்வி: தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு டிக்கெட் கொடுப்பது ஏன்? - நெடுமங்காடு வாசகர்

பதில்: 1956 நவம்பர் 1-இல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் நின்றது. கல்குளம் என்பதுதான் ஊரின் பழைய பெயர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த காலத்தில் பத்மநாபபுரம் ஆயிற்று. 1795 வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது.

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால், நாகர்கோவில் சாலையில் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் போகலாம். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியாகி 1777-இல் இறந்தார். கூரையில்லாத சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. வாசலிலிருந்து நடக்கத் தூரம் உண்டு, தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.