தவளை மனிதர்களைக் கடலோரத்தில் வைக்கலாமா?

உங்கள் கற்பனைக் கதைக்காகத் தவளை மனிதர்களைப் படைக்கிறீர்கள்: கடல் நகரத்தில் பிறந்த இனம், ஆனால் அவர்கள் பண்பாடு வெறும் பச்சைத்தோல் பூசிய மனிதர்களுடையது மாதிரியே வருகிறது என்கிறீர்கள். உடலிலிருந்து தொடங்குங்கள். தவளைகள் தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோல் வழியாகத்தான் உறிஞ்சும், அதனால் உப்புநீர் பெரும்பாலானவற்றுக்கு ஆகாது (அலையாத்திக் காட்டில் நண்டு தின்னும் ஒரு தவளை போன்ற சில மட்டும் ஓரளவு தாங்கும்). கடலை அவர்களுக்கு எமனாக்குங்கள். உப்பேறிய ஏரியை விட்டு ஓடிவந்த கூட்டம் என்றால் தோற்றக் கதையும் தயார்.

அப்புறம் உருமாற்றம். நான் எழுதினால் இதைத்தான் பெரிதாக எடுப்பேன்: வாலும் செவுளும் போன பிறகு பழைய பெயர், பழைய உறவு செல்லுமா? ஆக்சலாட்டல் (தவளைக்கு உறவான, வாலுள்ள நீர்வாழ் சாலமாண்டர்) போலச் செவுளோடே வயதுக்கு வருபவர்கள் குளத்திலேயே தங்கிப் பூசாரிகளாகலாம். டார்வின் தவளையில் ஆண்தான் தலைப்பிரட்டைகளைக் குரல்பையில் சுமக்கும். உங்கள் இனத்தில் அப்படிச் சுமக்கும் தந்தை வாய் திறக்க முடியாது என்று வைத்தால், சபையில் அவருக்காக யார் பேசுவது?